இடது விலாவுக்குக் கீழே

சாமிநாதா,

நலம், நலமறிய ஆவல் என்று நான் ஆரம்பிக்கப் போவதில்லை. நீ நலமாக இல்லை. அது உனக்கே தெரியாது. தெரியாததோடு நிற்காமல் அதையே பெருமையாக எழுதி, அம்மாவுக்கு என்று விலாசம் போட்டு அனுப்பியிருக்கிறாய். உன் அம்மாவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது என்பதும், இந்தப் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே கோட்டர்ஸில் உன் கடிதத்தைப் பிரித்துப் படித்துக் காட்டுகிறவன் நான்தான் என்பதும் உனக்குத் தெரியாதா என்ன? இரண்டு வருஷமாக இதே நாடகம். "அம்மா, நீங்க நல்லா இருக்கீங்களா" என்று நீ எழுதுகிறாய். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு படிக்கிறேன். "அப்பாவுக்குச் சொல்ல ஒன்றுமில்லை" என்று எழுதுகிறாய். அதையும் என் வாயாலேயே படிக்கிறேன். ஒரு வரியையும் நான் விழுங்கியதில்லை. அவள் பதில் சொல்லச் சொல்ல எழுதி, ஒட்டுவதற்கு முன் ஒரு முறை அவளுக்குப் படித்துக் காட்டித்தான் உறையை மூடுவேன். அவள் காதில் விழாமல் இந்த வீட்டிலிருந்து ஒரு கடிதமும் போனது கிடையாது. இதுவும் அப்படித்தான் போக வேண்டும். அதனால்தான் இரண்டு நாளாகக் காகிதத்தை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை வந்த உன் கடிதத்தோடு ஒரு போட்டோவும் இருந்தது. இடுப்பில் லங்கோடு, உடம்பெல்லாம் எண்ணெய், தோளில் கர்லாக்கட்டை, முகத்தில் கிள்ளான் டவுனையே விலைக்கு வாங்கிவிட்ட மிதப்பு. அம்மா அதை முருகன் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். நான் எடுத்து அரிசி டின்னுக்குப் பின்னால் தள்ளினேன். அவள் மறுபடியும் எடுத்துத் துடைத்து அதே இடத்தில் வைத்தாள். பிறகு கடிதத்தைப் படித்தேன். "இந்த வருஷம் குளிர்காய்ச்சல் மூன்று தடவை வந்துவிட்டது. போன வாரம்தான் விட்டது. கவலை வேண்டாம், என் குஸ்திக் கூடத்துப் பயிற்சியை ஒரு நாளும் விடவில்லை. உடம்பு இறுகிவிட்டது. இடது பக்கம் விலாவுக்குக் கீழே தொட்டால் கல் மாதிரி இருக்கிறது. கூடத்தில் எல்லாரும் தொட்டுப் பார்த்து ஆச்சரியப்படுகிறார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை துறைமுகத்து மூட்டைக்காரன் ஒருவனோடு எனக்குக் குஸ்தி." இதுதான் நீ எழுதியது. உன் அம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, "எம்புள்ள இரும்பா ஆயிட்டான் பாருங்க" என்றாள். நான் கடிதத்தை மடித்து வைத்தேன். கண்ணாடியைத் துடைப்பதாகப் பாசாங்கு செய்தேன்.

அடே முட்டாளே, விலாவுக்குக் கீழே அந்த இடத்தில் தசை கல்லாகாது. அங்கே கல்லாவது வேறு ஒன்று.

நேரில் வந்து உன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருப்பேன். வந்தால் என்ன நடக்கும் என்று பார்த்தவன் நான். இரண்டு வருஷத்துக்கு முன் நீ கூடம் திறந்த அன்று வந்து, எல்லார் முன்னாலும் கத்தினேன். நீ என் முழங்கையைப் பிடித்துத் தெருவரைக்கும் கூட்டிக்கொண்டு வந்து விட்டாய். "எங்கப்பாவுக்கு வயசாயிருச்சு அண்ணே, பொறாமை" என்று உள்ளே போய்ச் சொன்னாய். தெருவுக்கு நன்றாகவே கேட்டது. தந்தி கொடுத்தாலும் அதைக் கூடத்தில் படித்துச் சிரிப்பீர்கள். அதனால் நீ சிரிக்க முடியாத ஒன்றை எழுதப் போகிறேன். இதை உனக்கு மட்டும் எழுதவில்லை. அந்தக் கூடத்தில் உன் பேச்சைக் கேட்டுத் தண்டால் எடுக்கிற ஒவ்வொருவன் முன்னாலும் இதைச் சத்தமாகப் படி. படிக்கத் தைரியம் இல்லையென்றால் கூடத்தை மூடிவிட்டுப் போ.

உனக்கு மூன்று வயது இருக்கும்போது நானும் ஒரு கூடம் நடத்தினேன். கேட்டு ஆச்சரியமாக இருக்கும். பன்னிரண்டு வயதில் நீ எங்கேயோ போய்க் கட்டை சுற்றக் கற்றுக்கொண்டு வந்தபோது, அதைப் பிடுங்கி வெந்நீர் அடுப்பில் வைத்து எரித்தவன் நான்; அந்தச் சுடுதண்ணீரிலேயே உன்னைக் குளிக்கவும் வைத்தேன். உடற்பயிற்சி என்றாலே இந்தக் கிழவனுக்கு ஆகாது என்று நீ முடிவு கட்டிவிட்டாய். இந்தக் கோட்டர்ஸ் வரிசைக்குப் பின்னால், பழைய செங்கல் சூளைப் பக்கம், அத்தாப்பு ஓலைக் கூரை போட்டு, மணல் கொட்டி, பதினெட்டுப் பேரை வைத்துக் கூடம் நடத்தியவன் நான்தான். தண்டவாள கேங்கில் அப்போதுதான் மண்டோர் ஆகியிருந்தேன். பகலில் ஆட்களை அதட்டுவது போதாதென்று காலையிலும் மாலையிலும் அதட்டினேன். "தண்டால் நூறு, பஸ்கி இருநூறு. ஒருநாள் எடுத்த கணக்குக்கு மறுநாள் ஒண்ணு குறையக்கூடாது" என்பது என் சட்டம். ஏன் குறையக்கூடாது என்று ஒருவனும் கேட்கவில்லை. எனக்கும் தெரியாது. கோயிலுக்கு நேர்ந்துகொண்ட நேர்த்திக்கடன் மாதிரி எண்ணிக்கையைக் கட்டிக்கொண்டு அழுதோம். உன் கூடத்துச் சுவரில் சாக்கட்டியால் எழுதியிருந்ததையும் அன்று பார்த்தேன். அதே நூறு, அதே இருநூறு. அப்பன் முகத்தில் விழிக்க மாட்டேன் என்கிறவனுக்கு அப்பனுடைய மடத்தனம் மட்டும் எப்படி வந்து சேர்ந்ததோ!

உடம்பு தினமும் ஒரே மாதிரி இருக்காது. தூக்கம் கெட்ட மறுநாள், வயிறு சரியில்லாத மறுநாள் பாதியோடு நிறுத்துகிறவன்தான் பத்து வருஷம் பயிற்சி செய்வான். புதிதாக வருகிறவனைப் பத்தில் ஆரம்பிக்க வை. வாரத்துக்கு வாரம் கொஞ்சம் ஏற்று. வாரத்தில் ஒரு நாளாவது ஓய்வு கொடு. தசை வளர்வது ஓய்விலே. ஆபீசில் எட்டு மணி நேரம் குனிந்து எழுதிவிட்டு வருகிற உன் மாதிரிக் கிராணி, வந்ததும் வராததுமாக இருபது கட்டி எடையுள்ள கட்டையைத் தூக்கக் கூடாது. முதலில் கொஞ்சம் நட. வெறும் கையைச் சுற்று, குனிந்து நிமிர், உடம்பு சூடாகட்டும். இன்னொன்றும் கேள். துறைமுகத்தில் பகலெல்லாம் அரிசி மூட்டை சுமந்துவிட்டு வருகிறவனுக்கு உன் கர்லாக்கட்டை எதற்கு? அவன் முதுகு ஏற்கனவே போதும் போதும் என்று கதறிக்கொண்டிருக்கிறது. அவனுக்கு வேண்டியது கையைக் காலை நீட்டி மடக்குவதும், வயிறாரச் சோறும், தூக்கமும். அவனையும் உன்னையும் ஒரே வரிசையில் நிற்க வைத்து ஒரே கணக்குச் சொல்லும் வாத்தியாரைத்தான் முதலில் மணலில் புரட்ட வேண்டும்.

தண்ணீர் விஷயம் இன்னும் கேவலம். "பயிற்சி நடுவுல தண்ணி குடிச்சா உடம்பு ஊதிரும்" என்று நான் பானையைக் கவிழ்த்து வைப்பேன். இந்த ஊர்ப் புழுக்கத்தில் சும்மா நின்றாலே சட்டை நனைகிறது. ஒருவன் மயங்கி விழுந்தால் பலவீனம் என்று திட்டி வீட்டுக்கு அனுப்பினேன். நீயும் பானையைக் கவிழ்க்கிறாயா? நிமிர்த்தி வை. கஞ்சித் தண்ணீரில் உப்புப் போட்டு வை. உச்சி வெயிலில் யாரையும் ஓட விடாதே. எடை தூக்கும்போது மூச்சை அடக்கிக்கொண்டு முகத்தைச் சிவக்க வைப்பது வீரமில்லை. தூக்கும்போது மூச்சை விடு. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு மணலில் இறங்காதே. மறுநாள் தொடை வலிப்பது சரி, அது பயிற்சியின் வலி. செய்துகொண்டிருக்கும்போதே நெஞ்சு பிடித்தால், தலை சுற்றினால், வேறு எங்கோ சம்பந்தமில்லாமல் சுருக்கென்று வலித்தால், அந்த நிமிஷமே நிறுத்து. சம்பந்தமில்லாத வலி என்றால் என்ன என்று கீழே சொல்கிறேன்.

உன் மாமன் வேலுச்சாமியை உனக்கு ஞாபகம் இருக்காது. அம்மாவின் ஒரே தம்பி. கிள்ளானுக்குத் தெற்கே ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தான். இருபத்திரண்டு வயது. உன்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஸ்டேஷன் வரைக்கும் ரயில் காட்டக் கூட்டிப் போவான். தோட்டத்தில் குளிர்காய்ச்சல் வாட்டி எடுத்ததால், "கொஞ்ச நாள் எங்கூட இருக்கட்டும்" என்று அம்மா அவனை இங்கே வரவழைத்தாள். காய்ச்சல் விட்ட பத்தாம் நாளே நான் அவனைக் கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். "மச்சான், இன்னும் கால் நடுங்குது" என்றான். "வேர்வை வந்தாத்தான்டா மிச்சக் காய்ச்சல் கரையும்" என்றேன். எந்த வைத்தியனிடம் கேட்டேன் தெரியுமா? ஒருவனிடமும் இல்லை. இங்கே தோட்டத்திலும் ரயில்வே லைனிலும் எல்லாரும் சொல்வார்கள், நானும் சொன்னேன். நீயும் அதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறாய்?

மூன்றாவது வாரம் அவனுக்கு எண்ணெய் தேய்த்துவிடும்போது, இடது விலாவுக்குக் கீழே கட்டியாக ஒன்று கையில் தட்டுப்பட்டது. உருண்டையாக, கல் மாதிரி. நான் என்ன செய்தேன் என்று கேள். பதினெட்டுப் பேரையும் கூப்பிட்டு வரிசையாகத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். "பாருங்கடா, மூணு வாரத்துல உடம்பு எப்படி இறுகுதுன்னு. இது நம்ம கூடத்து உடம்பு" என்றேன். வேலு வெட்கப்பட்டுச் சிரித்தான். ஒருவனுக்காவது, வலப் பக்கத்தில் ஏன் இல்லை என்று கேட்கத் தோன்றவில்லை. இப்போது நீ எழுதினாயே, கூடத்தில் எல்லாரும் தொட்டுப் பார்த்து ஆச்சரியப்படுகிறார்கள் என்று. அந்த வரியைத்தான் நான் இரண்டு தடவை படித்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை அவனோடு குஸ்தி போட்டவன் நான். வேறு யாரும் இல்லை, நானே. இடுப்பைப் பிடித்துப் புரட்டும்போது என் முழங்கை அவன் விலாவுக்குக் கீழே இடித்தது. பலமாகக்கூட இல்லை. சந்தையில் நெரிசலில் படுகிற இடி அளவுதான். அவன் எழுந்து மணலில் உட்கார்ந்தான். "மச்சான், இடது தோள் வலிக்குது" என்றான். "இடிச்சது வயித்துல, வலிக்கிறது தோள்லயா? நல்லா நடிக்கிறடா" என்று சிரித்தேன். எல்லாரும் சிரித்தார்கள். அவன் தண்ணீர் கேட்டான். பானை கவிழ்ந்திருந்தது. உதடு வெளுத்துப்போயிருந்ததை நான் பார்த்தேன், சாமிநாதா. பார்த்துவிட்டு அடுத்த ஜோடியைக் கூப்பிட்டேன். அவன் தானாக எழுந்து வீட்டுக்குப் போனான். கூடத்திலிருந்து மூன்று வீடு தள்ளித்தான் நம் வீடு. நான் குளித்துவிட்டு ஆற அமர வந்தபோது, அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உன் அம்மா விசிறிக்கொண்டிருந்தாள். மத்தியானச் சோறு வடிப்பதற்குள் முடிந்துவிட்டது.

இரண்டு வீடு தள்ளி யாழ்ப்பாணத்து டிரஸ்ஸர் ஒருவர் இருந்தார். ஆஸ்பத்திரி உத்தியோகம். கூப்பிட்டபோது உயிர் போயிருந்தது. தொட்டுப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூட்டிப் போய், "பெடியனுக்குக் காய்ச்சல் வந்து போனதோ? என்ன செய்தனீர்?" என்று கேட்டார். சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "உது தசை இல்லைக் காணும். காய்ச்சல் கட்டி. காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்தால் மண்ணீரல் வீங்கிக் கல்லு மாதிரி நிக்கும். தோலுக்குள்ள இருக்கிற பழுத்த பழம் எண்டு நினையும். ஒரு சின்ன இடி போதும், உள்ளுக்குள்ளை வெடிச்சு இரத்தம் கொட்டும். தோள் நோகுது எண்டு சொன்னவனோ?" என்றார். சொன்னான் என்றேன்.  அடுத்த மாதம் மாற்றலாகி ஈப்போவுக்குப் போய்விட்டார்.

ஊராரிடம் நான் சொன்னது: காய்ச்சல் திரும்பிவிட்டது. உன் அம்மாவிடம் சொன்னதும் அதுவே. அவளுக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. அன்று காலை வேலு கூடத்துக்குக் கிளம்பும்போது அவள் பழைய சோறு போட்டிருந்தாள். "காய்ச்சல்காரனுக்குக் குளிர்ந்த சோறு போடலாமா" என்று யாரோ ஒருத்தி இழவு வீட்டில் வாயை விட்டாள். உன் அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். இருபத்தோரு வருஷமாக விடவில்லை. நீ சின்ன வயதில் பக்கத்து வீட்டில் பார்த்துவிட்டுப் பழைய சோறு கேட்டு அழுதாயே, உன்னை ஒருநாளும் அடிக்காதவள் அன்று அறைந்தாளே, ஞாபகம் இருக்கிறதா? இந்த வீட்டில் மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றுவதே கிடையாது. தன் கையால் தம்பியைக் கொன்றுவிட்டதாக அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். நான் அதைப் பார்த்துக்கொண்டே தினமும் மூன்று வேளை அவள் கையால் சாப்பிட்டேன். ஒரு வார்த்தை போதும். எனக்கு வாய் வரவில்லை. கட்டைகளைப் பிளந்து எரித்தேன், கூடத்தைப் பிரித்துப்போட்டேன், உன்னைத் திட்டினேன், கட்டையைப் பிடுங்கினேன். எல்லாம் செய்தேன், இதைத் தவிர.

என்மேல் உனக்கு இப்போது இருக்கிற வெறுப்பு போதாது. இன்னும் நிறைய வைத்துக்கொள், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் உயிரோடு இருந்துகொண்டு வெறு. ஞாயிற்றுக்கிழமை மணலில் இறங்காதே. ஆஸ்பத்திரிக்குப் போய் டிரஸ்ஸரிடம் விலாவைக் காட்டு. காய்ச்சலுக்குக் கொய்னா மாத்திரை கொடுத்தால் கசக்கிறது என்று நாலு நாளில் நிறுத்தாமல் சொன்ன நாள் வரைக்கும் விழுங்கு. கட்டி கரைந்துவிட்டது என்று அவர்கள் சொல்லும் வரைக்கும், மாதக்கணக்கானாலும், குஸ்தி இல்லை, எடை இல்லை, கட்டை இல்லை. அந்த இடத்தில் எவனையும் உருவிவிடச் சொல்லாதே. உடம்பு தேறியதும் அவர்கள் சரி என்றால் நட. நடப்பது குறைந்த பயிற்சி என்று உன்னைப் போன்ற பயில்வான்கள் நினைப்பீர்கள். ஐம்பத்துநாலு வயதில் நான் தினமும் காலையில் லேக் கார்டன் வரைக்கும் நடந்து திரும்புகிறேன். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம். பேச ஆள்தான் இல்லை. உன் கூடத்தில் காய்ச்சல் வந்து போன ஒவ்வொருவனையும் வீட்டுக்கு அனுப்பு. ஆஸ்பத்திரியில் விலாவைக் காட்டிவிட்டு வந்தவனை மட்டும் உள்ளே விடு. மூட்டைக்காரனிடம் தோற்றதாகவே வைத்துக்கொள், பயந்துவிட்டான் என்று கிள்ளான் முழுக்கச் சிரிக்கட்டும். சிரிப்பு கேட்டுச் செத்தவன் கிடையாது. சிரிக்கிறவர்கள் நடுவில் செத்தவனைத்தான் எனக்குத் தெரியும்.

இனி இதை அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டும். இன்று வியாழக்கிழமை. அவள் அடுப்படியில் நெத்திலி கிள்ளிக்கொண்டிருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை காலை.

நேற்றுச் சாயங்காலமே படித்துவிட்டேன். ஒரு வரியையும் விழுங்கவில்லை. பழைய சோறு என்ற இடம் வந்தபோது அவள் கை நின்றது. அழவில்லை. முடித்த பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "தோள் வலிக்குதுன்னு உங்ககிட்டச் சொன்னானா?"

"சொன்னான்."

"எங்கிட்ட தலை சுத்துதுன்னு மட்டும் சொன்னான்." அவ்வளவுதான். மீதி நெத்திலியையும் கிள்ளி முடித்தாள். சமைத்தாள், எனக்குப் போட்டாள். மிஞ்சிய சோற்றில் தண்ணீரை ஊற்றி மூடி வைத்தாள்.

இன்று காலை அதை எடுத்துக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். உப்பைப் போட்டுப் பிசைந்து, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு, சட்டியில் இருந்தது முழுவதையும் நிதானமாகச் சாப்பிட்டாள். எனக்கு வேண்டுமா என்று கேட்கவில்லை. பிறகு கை கழுவிக்கொண்டு இரண்டு சேலையை மடித்து மூட்டை கட்டினாள். "லெட்டரக் குடுங்க. தபால்ல போய்ச் சேர்றதுக்குள்ள ஞாயித்துக்கிழம ஆயிரும்" என்றாள். முருகன் பக்கத்திலிருந்த உன் போட்டோவை எடுத்து மூட்டைக்குள் வைத்துக்கொண்டாள்.

கிள்ளான் ரயிலுக்கு நேரமாகிவிட்டது. வாசலில் நிற்கிறாள். திரும்பி வருவாளா என்று நான் கேட்கவில்லை, நீயும் கேட்காதே. இதைப் படித்து முடித்ததும் சட்டையைக் கழற்றிவிட்டு அவள் முன்னால் படு. அழுத்த மாட்டாள், நான் எழுதிய இடத்தில் கையை வைத்துப் பார்ப்பாள். பிறகு அவளோடு ஆஸ்பத்திரிக்குப் போ. வேலு மணலில் உட்கார்ந்த அன்றைக்கும் மூன்று வீடு தள்ளி அவள் கை இருந்தது. நான்தான் கூப்பிடவில்லை.

அப்பா